மேசைக்குப் பின்னால் வளரும் நோய்



இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு என்ன பொருள் எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டார்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களின் உடம்பைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். சேத்தியாத்தோப்பு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது வெள்ளாற்று அணைக்கட்டு, பக்கத்தில் வீராணம், எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. நெல்லும் கரும்பும் விளையும் ஊர். ஆனால் காலை ஒன்பதரை மணிக்குக் கடைத்தெருவில் நின்று பாருங்கள். சிதம்பரம் பக்கமிருந்தும் வடலூர் பக்கமிருந்தும் விருத்தாசலம் பக்கமிருந்தும் வரும் பேருந்துகளிலிருந்து கையில் சாப்பாட்டுப் பையோடு ஒரு கூட்டம் இறங்கும். வங்கிக்காரர்கள், மின்வாரிய அலுவலகத்தார், பேரூராட்சி எழுத்தர்கள், ஆலை அலுவலகக் கணக்கர்கள், ஆசிரியர்கள். அதே நேரத்தில் இங்கிருந்து நெய்வேலிக்கும் சிதம்பரத்துக்கும் இன்னொரு கூட்டம் ஏறும். பேருந்தில் உட்கார்ந்து வந்து, அலுவலகத்தில் உட்கார்ந்து, மறுபடி பேருந்தில் உட்கார்ந்து வீடு திரும்பி, தொலைக்காட்சிக்கு முன் உட்காரும் வாழ்க்கை அது. அந்தக் கூட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள்தான் இன்று என் பேச்சின் நாயகர்கள்.

வளர்சிதை மாற்றக் கோளாறுத் தொகுப்பு, அதாவது மெட்டபாலிக் சிண்ட்ரோம், ஐந்து எண்களில் அடங்கிவிடும். இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அல்லது அதற்கு மேல். இது தெற்காசியர்களான நமக்கென்று வைத்த அளவு. இரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பு 150 அல்லது அதற்கு மேல். நல்ல கொழுப்பு என்று சொல்லப்படும் எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்குக் கீழே, பெண்களுக்கு 50க்குக் கீழே. இரத்த அழுத்தம் 130க்கு 85, அல்லது அதற்கு மேல். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல். இந்த ஐந்தில் மூன்று சேர்ந்தால் தொகுப்பு இருக்கிறது என்று பொருள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த எண் மாத்திரையால் சரியாக இருந்தாலும் கணக்கில் சேரும்.

கவனித்துப் பார்த்தீர்களானால் ஒன்று புரியும். 132க்கு 86 என்ற இரத்த அழுத்தத்தையோ 104 என்ற சர்க்கரையையோ பார்த்து யாரும் பதறுவதில்லை. "பார்டர்ல இருக்கு, ஒண்ணும் பயமில்லை" என்று ஆய்வுக்கூடத்திலேயே சொல்லி அனுப்பிவிடுவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் அது சரிபோலத்தான் தோன்றும். மூன்று பார்டர்கள் ஒரே உடம்பில் சேரும்போதுதான் கதை மாறுகிறது. சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு பல மடங்கும், மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கும் கூடுகின்றன.

இவை தற்செயலாகச் சேர்வதில்லை என்பதைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரால்ட் ரீவன். 1988ஆம் ஆண்டு அவர் ஆற்றிய பான்டிங் சொற்பொழிவில், இன்சுலினை அதன் வேலையைச் செய்யவிடாமல் உடம்பு தடுப்பதே இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொது வேர் என்று வாதிட்டார். அதற்கு சிண்ட்ரோம் எக்ஸ் என்று பெயரிட்டார். அதற்கும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1947இல், பிரான்ஸின் மார்செய் நகரத்து மருத்துவர் ழான் வாக், கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே முக்கியம், வயிற்றுப் பக்கம் சேரும் கொழுப்புதான் நீரிழிவையும் இரத்தக்குழாய் நோயையும் கூட்டிவருகிறது என்று எழுதியிருந்தார். அன்று அதை அதிகம் பேர் காதில் வாங்கவில்லை.

இந்த விஷயத்தில் நம் உடம்புக்குக் கொடுத்துவைக்கவில்லை. புனே மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் ஜான் யட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் இருவருடைய படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே: 22.3. யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம். யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. "நான் குண்டாவா இருக்கேன் டாக்டர்?" என்று என்னிடம் கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எடை எந்திரம் நமக்குப் பாதி உண்மையைத்தான் சொல்லும். மீதியை நாடாதான் சொல்லும்.

நாடாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இடுப்பளவு என்றதும் எல்லோரும் பேன்ட் அளவைச் சொல்கிறார்கள். "இருபது வருஷமா 34 தான் சார், மாறவே இல்லை." உண்மைதான், பேன்ட் மாறவில்லை. வயிறு முன்னால் வர வர, பேன்ட் கீழே இறங்கிவிட்டது. பெல்ட் இப்போது தொப்புளுக்கு நான்கு விரற்கடை கீழே நிற்கிறது. அளக்க வேண்டிய இடம் அதுவல்ல. விலாவில் கடைசி எலும்பையும், பக்கவாட்டில் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் விரலால் தொட்டுக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் நடுவே நாடாவைச் சுற்ற வேண்டும். சட்டையைத் தூக்கிவிட்டு, இரண்டு பாதங்களையும் சேர்த்து நின்று, மூச்சை இயல்பாக விட்ட பிறகு படிக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. 34 என்று சொன்னவருக்கு 40 அங்குலம் வருவதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். பெண்களுக்கும் இதே கதைதான். புடவையும் நைட்டியும் எதையும் காட்டிக்கொடுக்காது.

இன்னொரு அடையாளம் பின்கழுத்தில் இருக்கும். மடிப்பு மடிப்பாக, வெல்வெட் துணிபோல் தடித்துக் கறுத்த தோல். அக்குளிலும் இருக்கும். கூடவே கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன மருக்கள். இதை அழுக்கு என்று நினைத்து எலுமிச்சைத் தோலையும் பயத்தமாவையும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. வளர்ந்த பிள்ளைகளைக் கழுத்தைச் சரியாகத் தேய்த்துக் குளிப்பதில்லை என்று திட்டுகிற தாய்மார்கள் உண்டு. பெரும்பாலும் அது அழுக்கல்ல. இரத்தத்தில் மிதமிஞ்சிச் சுரக்கும் இன்சுலின் தோலின் செல்களை வளரத் தூண்டிவிட்டதன் விளைவு. எத்தனை தேய்த்தாலும் போகாது. இன்சுலின் குறைந்தால் மெல்ல மங்கும்.

சரி, இந்த இன்சுலின் ஏன் மிதமிஞ்சுகிறது? மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். சோறு செரித்துக் குளுக்கோஸாக இரத்தத்தில் ஏறுகிறது. அதை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய உறுப்பு தசை. இன்சுலின் தசைக்குச் சேதி சொன்னால், தசைச் செல்லின் உள்ளே கிடக்கும் குளுட் 4 என்னும் புரதம் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். தசை வேலை செய்தால், சுருங்கி விரிந்தால், இன்சுலின் சேதி சொல்லாமலேயே அந்தப் புரதம் மேலே வந்துவிடும் என்பது நாம் மறக்கக் கூடாத செய்தி. உட்கார்ந்தே இருக்கிறவரின் தொடையும் கெண்டைக்காலும் வேலையில்லாமல் கிடக்கின்றன. தசையில் சேர்த்துவைத்த கிளைக்கோஜன் செலவாகவே இல்லை. புதிதாக வருவதை வைக்க இடம் இல்லை. கணையம் இன்னும் அதிக இன்சுலினைச் சுரக்கிறது. மிச்சத்தைக் கல்லீரல் வாங்கிக் கொழுப்பாக மாற்றுகிறது. அந்தக் கொழுப்பு ஒரு பகுதி கல்லீரலிலேயே தங்குகிறது. முழு உடல் பரிசோதனை செய்துகொண்டவர்களின் ஸ்கேன் அறிக்கையில் "கிரேடு 1 ஃபேட்டி லிவர்" என்று வருகிறதே, அது இதுதான். இன்னொரு பகுதி டிரைகிளிசரைடாக இரத்தத்தில் இறங்குகிறது. டிரைகிளிசரைடு ஏறினால் எச்.டி.எல். இறங்கும். இந்த எண்கள் ஒரே சரட்டில் கோத்தவை என்று ரீவன் சொன்னதன் பொருள் இங்கே விளங்கும்.

நம் பக்கத்துச் சாப்பாட்டுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. இந்த அரங்கில் இருக்கும் பலருடைய தகப்பனார் ஏர் பிடித்தவர், அண்டை வெட்டியவர், கரும்புக்கட்டுத் தூக்கியவர். நாற்றங்காலுக்கும் களத்துக்கும் நாள் முழுக்க நடந்த உடம்புக்குச் சேர வேண்டிய சோறு அந்த வீட்டுத் தட்டின் அளவானது. மகன் படித்து வேலைக்குப் போனான். வேலை மாறியது, தட்டு மாறவில்லை. போதாக்குறைக்குச் சோறே மாறிவிட்டது. கைக்குத்தல் போய், தவிடு முழுக்க நீக்கிய வெள்ளை அரிசி வந்தது. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் நடத்திய க்யூர்ஸ் ஆய்வில், தீட்டிய தானியத்தை அதிகம் சாப்பிட்டவர்களிடம் இந்தக் கோளாறுத் தொகுப்பும் அதிகம் இருந்தது. அதே க்யூர்ஸ் ஆய்வின்படி, சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் வரையறையை வைத்துப் பார்த்தால், சென்னையில் வயதுவந்தோரில் 25.8 சதவீதம் பேருக்குத் தொகுப்பு இருந்தது. நால்வரில் ஒருவர். இது 2000களின் சென்னை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இந்தியாப்' (INDIAB) ஆய்வு நாடு முழுவதும் நூற்றுக்கு 39.5 பேருக்கு வயிற்றுப் பருமன் என்று காட்டியது. அதில் நீரிழிவு தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். நமக்கு எட்டும் தூரத்தில் உள்ள புதுச்சேரியில் 26.3 சதவீதம்.

'வேலை குறைந்தால் பசியும் தானாகக் குறையுமே, அப்புறம் எப்படி?' என்று நியாயமாகக் கேட்கலாம். குறையாது என்பதற்கு நம் நாட்டிலேயே, வங்காளத்தில், எழுபது ஆண்டுகளுக்கு முன் சான்று கிடைத்தது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் செங்கேல் என்ற ஊரில் லட்லோ சணல் ஆலை. ஜீன் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் பூர்ணிமா ராய், காமாக்யா பிரசாத் மித்ரா ஆகியோரும் அந்த ஆலையைச் சேர்ந்த 213 ஆண்களின் சாப்பாட்டையும் எடையையும் வேலையின் கடுமையையும் அளந்து 1956இல் வெளியிட்டார்கள். கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள், மேற்பார்வையாளர்கள், குமாஸ்தாக்கள், நெசவாளர்கள், நிலக்கரி அள்ளியவர்கள், மூட்டை தூக்கியவர்கள் என்று வரிசைப்படுத்தினார்கள். மிதமாக வேலை செய்தவரிலிருந்து கடும் உழைப்பாளி வரை, வேலை கூடக்கூடச் சாப்பாடும் கூடியது, எடை ஏறவில்லை. இதில் ஆச்சரியமில்லை. ஆனால் மறுமுனையில், உட்கார்ந்தே இருந்தவர்கள் மிதமான வேலைக்காரர்களைவிடக் குறைவாக அல்ல, அதிகமாகவே சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்குத்தான் அதிகம்.

ஓர் அளவுக்குக் கீழே அசைவு குறைந்துவிட்டால், போதும் என்று உடம்பு சொல்லும் திறமையே கெட்டுவிடுகிறது. எனக்கு இது இந்தத் துறையின் மிக முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்றாகத் தோன்றுகிறது. அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர் வாயைக் கட்டாதவர், நாக்குக்கு அடிமை என்று ஏசுவது எவ்வளவு அநியாயம் என்பதை இது காட்டுகிறது. அவருடைய பசியையே அவருடைய வேலை கெடுத்துவைத்திருக்கிறது.

இன்னொரு சான்று லண்டனிலிருந்து. நமக்கெல்லாம் பேருந்து நன்றாகத் தெரியும் என்பதால் இதைச் சொல்கிறேன். ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர், லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953இல் லான்செட் இதழில் எழுதினார். ஒரே பேருந்து, ஒரே நிர்வாகம், ஒரே வகைக் குடும்பங்கள். ஓட்டுநர் உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் மாடிப்படியில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கிறார். மாரடைப்பு நடத்துநர்களுக்குக் குறைவாக வந்தது. வந்தாலும் பிந்தி வந்தது, உயிரைப் பறித்ததும் குறைவு. அஞ்சல் துறையிலும் அப்படித்தான்: கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தவர்களைவிட, மேசையில் உட்கார்ந்த எழுத்தர்களுக்கும் தொலைபேசி இணைப்பகத்தில் இருந்தவர்களுக்கும் அதிகம். மோரிஸ் அதோடு விடவில்லை. போக்குவரத்துக் கழகம் தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவுக் குறிப்பேட்டைத் தேடிப் பிடித்தார். ஓட்டுநர்களின் காற்சட்டை இடுப்பு நடத்துநர்களுடையதைவிடப் பெரிது. ஓட்டுநர் வேலைக்கு வரும்போதே பருமனாக வந்தாரா, வேலை அவரைப் பருமனாக்கியதா என்ற கேள்வி அதனால் எழுந்தது. அதை மறைக்காமல் 1956இல் அவரே அச்சிட்டார். அந்த நேர்மைக்காகவே அவரை நான் மதிக்கிறேன். பின்னால் வந்த ஏராளமான ஆய்வுகள், தொடக்க எடையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அசைவின்மை தனியாகவே தீங்கு செய்கிறது என்பதை உறுதிப்படுத்திவிட்டன.

நம் அலுவலகங்களுக்கு வருவோம். ஒரு காலத்தில் கோப்பு நடந்தது. பதிவறையிலிருந்து கட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எழுத்தர் எழுந்து போய்க் கண்காணிப்பாளர் மேசையில் குறிப்பு வைப்பார். பழைய பேரேட்டைத் தேட அலமாரிக்குப் போவார். வங்கியில் காசோலையோடு லெட்ஜர் மேசை, பிறகு அதிகாரி மேசை, பிறகு காசாளர் என்று தாளும் ஆளும் நகர்ந்தன. இன்று எல்லாம் திரையில். மின்கோப்பு ஒரு சொடுக்கில் மாடிக்குப் போகிறது. அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மக்களுக்கு வேலை சீக்கிரம் முடிகிறது, நல்லதே. ஆனால் அந்தச் சொடுக்கு விழுங்கிய நடைகள் எங்கே திரும்பக் கிடைக்கும் என்று எந்தத் துறையும் யோசிக்கவில்லை. அந்த இடத்தில் பதினொரு மணிக்கு ஒரு வடையும் டீயும், நான்கு மணிக்கு ஒரு பஜ்ஜியும் டீயும் மட்டும் அசையாமல் நிற்கின்றன. டீயை ஆள் கொண்டுவந்து மேசையிலேயே வைத்துவிடுகிறார்.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. களிமண்ணும் குவார்ட்ஸ் பொடியும் கலக்கும் இடங்களில் பறக்கும் சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும் என்பது அந்தத் தொழில் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அதைத் தொழிலால் வரும் நோய் என்று அட்டவணையிலேயே சேர்த்தது. தொழிலாளி ஏன் மூச்சு விட்டான் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. தூசியை ஏன் அடக்கவில்லை என்று முதலாளியைக் கேட்கிறார்கள். அலுவலகத்தில் என்ன செய்கிறோம்? எட்டு மணிநேரம் ஒருவரை அசையவிடாமல் வைத்துவிட்டு, நோய் வந்ததும், "காலையில எழுந்து நடக்க வேண்டியதுதானே" என்று அவரையே கேட்கிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. நாற்காலியும் ஒரு தூசிதான். அதை அடக்கும் பொறுப்பு அலுவலகத்துக்கும் உண்டு. இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

ஏன் தனிமனிதனின் தலையிலேயே போடக் கூடாது என்றால், எல்லோருக்கும் விடியற்காலை தம் கையில் இல்லை. குறிப்பாகப் பெண்களுக்கு. இந்த அரங்கிலுள்ள பெண் ஊழியர்களைக் கேட்டுப் பாருங்கள். ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, பிள்ளைகளுக்கும் கணவருக்கும் மாமியாருக்கும் டிபன் கட்டி, எட்டேகால் பேருந்தைப் பிடிக்கிறவரை நடைப்பயிற்சிக்குப் போகச் சொல்வது மருத்துவ ஆலோசனை ஆகாது. இரவு ஒன்பதரைக்கு எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் மிஞ்சியதைச் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கிறவர் அவர். அவருக்குக் கிடைக்கக்கூடிய நேரம் அலுவலக நேரம் மட்டுமே. அந்த நேரத்துக்குள்தான் வழி தேட வேண்டும். அரசு 2023 நவம்பரில் எல்லா மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளைக் குறித்து 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. நல்ல முயற்சி, வரவேற்கிறேன். ஆனால் அதிகாலையில் அங்கே போக முடிகிறவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

அலுவலக நேரத்துக்குள் வழி இருக்கிறதா? இருக்கிறது. அதற்கான சான்று நம் ஊர்களிலிருந்தே கிடைத்திருக்கிறது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் 2006இல் வெளியானது. சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேர் அதில் இருந்தார்கள். பெரும்பாலும் பணியிடங்கள் மூலம் சேர்த்த நடுத்தர வகுப்பினர், நம்மைப் போன்றவர்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் மூன்றாண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. சராசரி எடைக் குறியீடு 26க்கும் குறைவாக இருந்தவர்களில் இந்த வேகம்! உணவையும் நடையையும் திருத்தித் தொடர்ந்து கவனித்த குழுவில் அது 39.3 சதவீதமாகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த குழுவில் 40.5. இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில் கூடுதல் பலன் இல்லை. இன்னொரு செய்தி, எடை பெரிதாகக் குறையாமலேயே அவர்களுக்கு இந்தப் பலன் கிடைத்தது. எடை இறங்கவில்லையே என்று மனம் விட்டுப்போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்திரத்தில் முள் அசையாவிட்டாலும் தசைக்கும் கல்லீரலுக்கும் உள்ளே வேலை நடக்கிறது.

அதே குழு 2013இல் இன்னும் எளிய ஒன்றைக் காட்டியது. 35 முதல் 55 வயதுக்குள் வேலையில் இருந்த 537 ஆண்கள். ஒரு பாதியினருக்கு வழக்கமான ஆலோசனை. மறு பாதியினருக்கு அதோடு கைபேசியில் அவ்வப்போது குறுஞ்செய்தி. அவரவர் பழக்கத்துக்கும் தயக்கத்துக்கும் ஏற்றபடி எழுதிய சிறு நினைவூட்டல்கள். இரண்டாண்டு முடிவில் நீரிழிவு வந்தது முதல் பிரிவில் 27 சதவீதம் பேருக்கு, குறுஞ்செய்திப் பிரிவில் 18 சதவீதம் பேருக்கு. ஒரு துறைத் தலைவர் மனம் வைத்தால், அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றறிக்கைகளுக்கு நடுவே இதைச் செய்துவிடலாம். தனியாகச் செலவே இல்லை.

உட்கார்ந்திருப்பதை இடையிடையே முறிப்பதன் பலனும் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் டேவிட் டன்ஸ்டன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், பருமனான, வேலைக்குப் போகும் வயதினரைத் தொடர்ந்து உட்கார வைத்தார்கள். வேறொரு நாள், அதே ஆட்களை இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுப்பி, இரண்டு நிமிடம் மெல்ல நடக்க வைத்தார்கள். உணவுக்குப் பின் ஏறிய குளுக்கோஸ் ஏறக்குறைய கால்வாசி குறைந்தது. வியர்க்கும் அளவுக்கான நடையல்ல அது. வராந்தாவின் கடைசி வரை போய்த் திரும்பும் நடைதான். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுவது கவுன்டரில் வரிசை நிற்கும் வங்கிக் காசாளருக்கு முடியாது என்பதை நான் அறிவேன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து, பதினைந்து நிமிடம் எல்லோருக்கும் முடியும். சாப்பிட்டதும் மேசையில் தலையைச் சாய்க்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தை நடையாக மாற்றினாலே, நாளின் மிகப் பெரிய குளுக்கோஸ் ஏற்றத்தை மட்டுப்படுத்திவிடலாம்.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் பத்து, பன்னிரண்டு மணிநேரம் நின்றே வேலை செய்த பெண்களுக்கும் ஆண்களுக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்றது அது. அதற்கு முன் கேரளம் 2018இல் செய்திருந்தது. கால் வீங்கி, நரம்பு சுருண்டு, சிறுநீர் கழிக்கவும் போக முடியாமல் நின்றவர்களுக்குக் கிடைத்த பெரிய உரிமை அது. அந்தத் திருத்தத்துக்குப் பின்னால் இருக்கும் கொள்கையை நான் நெஞ்சாரப் போற்றுகிறேன்: வேலை எந்த நிலையில் உடம்பை மணிக்கணக்கில் நிறுத்திவைக்கிறதோ, அதை மாற்றிக்கொள்ளும் உரிமை ஊழியருக்கு உண்டு. நிற்கிறவருக்கு உட்காரும் உரிமை உண்டென்றால், உட்கார்ந்தே இருக்கிறவருக்கு எழும் உரிமை உண்டா? சட்டம் இன்னும் அங்கே வரவில்லை. வரும் வரை ஒவ்வொரு அலுவலகத் தலைவரும் அதைத் தம் அலுவலகத்தில் நடைமுறையாக்கலாம். சங்கங்களில் பொறுப்பில் இருக்கும் தோழர்கள் பஞ்சப்படியோடும் பதவி உயர்வோடும் இதையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

நடைமுறை என்று சொன்னேன். என் மனத்தில் இருப்பவை சின்னச் சின்ன மாற்றங்கள். குடிநீரை ஒவ்வொரு மேசையிலும் பாட்டிலில் வைக்காமல், கூடத்தின் கோடியில் வைக்கலாம். டீயை மேசைக்குக் கொண்டுவராமல், எழுந்து போய்க் குடிக்கச் சொல்லலாம். அரை மணிக்குள் முடியும் ஆலோசனைக் கூட்டங்களை நின்றபடி நடத்தலாம். டீயில் ஜீனியைத் தனியாக வைக்கச் சொல்லலாம். கரும்பு விளையும் ஊரில் இதைச் சொல்வது எனக்கு எளிதல்ல. விவசாயிகளின் பிழைப்பு எனக்குத் தெரியும். ஆனால் ஒரு டீக்கு இரண்டு கரண்டி என்றால் நாலு டீயில் ஏறக்குறைய நாற்பது கிராம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு இருபத்தைந்து கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வடைக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல் வந்தால் டீக்கடைக்காரருக்கும் நட்டமில்லை. சாப்பாட்டுக் கேரியரில் சோற்றடுக்கையும் காய் அடுக்கையும் இடம் மாற்றிவிட வேண்டும். பெரிய அடுக்கில் காயும் கூட்டும் பருப்பும், சின்ன அடுக்கில் சோறு. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால், அதே சோறு குளுக்கோஸை மெதுவாக ஏற்றும். உருளைக்கிழங்கு வறுவலைக் காய் என்று கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பரிசோதனைக்கும் இடம் தேட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அலுவலகத்தில் இருக்கிறவர்கள் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அலுவலகத் தலைவர் ஒரு கடிதம் எழுதினால், ஒரு நாள் வந்து எல்லோருக்கும் பார்க்கக் கேட்கலாம். டிரைகிளிசரைடும் எச்.டி.எல்.லும் ஆண்டுக்கு ஒரு முறை போதும். இடுப்பளவுக்கு யாரும் வர வேண்டாம். தையல் நாடா போதும்.

யாருக்கு முதலில் பார்க்க வேண்டும் என்று கேட்டால், நாற்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும். தாய் தகப்பனுக்குச் சர்க்கரை இருந்தால் முப்பதிலேயே. கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்த பெண்களுக்கும், சினைப்பையில் நீர்க்கட்டி என்று சொல்லப்பட்ட பெண்களுக்கும் அதற்கும் முன்பே. ஏற்கெனவே அழுத்தத்துக்கோ கொழுப்புக்கோ மாத்திரை எடுக்கிறவர்கள், இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். நடையும் உணவும் மாத்திரைக்குத் துணை. எப்போது குறைப்பது என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். நெஞ்சுவலியோ, நடந்தால் மூச்சுமுட்டலோ இருப்பவர்கள் நடையைத் தொடங்கும் முன் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் வலப்பக்க அறையில் நாடாவும் இரத்த அழுத்தக் கருவியும் வைத்திருக்கிறோம். பெண்களுக்கு அளக்கச் செவிலியர் சகோதரிகள் இரண்டு பேர் தனியறையில் இருப்பார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்க விரும்புகிறவர்கள் பெயரைக் கொடுத்துவிட்டு, நாளைக் காலை ஏழு மணிக்கு இதே இடத்துக்கு வாருங்கள். இன்றிரவு சாப்பாட்டை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். காலையில் காபி, டீ எதுவும் வேண்டாம், தண்ணீர் மட்டும் குடிக்கலாம். இரத்தம் கொடுத்த பிறகு சிற்றுண்டி இங்கேயே ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.